தராசை எல்லாரும் பார்க்கலாம், துண்டை ஒருவர்தான் எழுதலாம்

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் ஒரு மரக்கறி மொத்தக் கடைக்குக் கணக்குச் செய்நிரல் எழுதிக் கொடுத்தவன் நான். 1999இல் தொடங்கிய சந்தை அது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியும் திருகோணமலைக்குப் போகும் ஏ6 வீதியும் இந்த ஊரில்தான் சந்திக்கின்றன. அதனால் நுவரெலியாக் கரட்டும் கோவாவும் ஒருபக்கம், கலேவெல, தம்புள்ளைப் பக்கத்துப் பெரிய வெங்காயம் மறுபக்கம் என்று இரவிலும் லொறிகள் வந்து இறக்கிக்கொண்டிருக்கும். மூட்டை தராசில் ஏறும்போது வயல்காரர், வாங்க வந்தவர், நாட்டாமை, முதலாளி என்று எல்லார் கண்ணும் அந்த எண்ணில்தான் இருக்கும். ஆனால் துண்டு எழுதுவது கணக்கப்பிள்ளை ஒருவர் மட்டுமே. பேனையை வேறு எவர் கையிலும் கொடுக்கமாட்டார்.

ஒருநாள் வெங்காய மூட்டை ஒன்று 52 கிலோ காட்டியது. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு 2 கிலோ. மிச்சம் 50. கிலோ 180 ரூபாப்படி 9,000. பிறகு பார்த்தால் பக்கத்து மூட்டையோடு அது மாறிப்போயிருந்தது. சரியான நிறை 47. கணக்கப்பிள்ளை திரையில் நிறையைத் திருத்தினார். துண்டில் அப்போதும் 9,000தான் விழுந்தது. வரவேண்டியது 45 கிலோவுக்கு 8,100. பின்னேரம் பெட்டியில் 900 ரூபா குறைந்தபோது எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். “நான் நிறையை மட்டுந்தான் மாத்தினேன் அண்ணே” என்றார். அது உண்மை. செய்நிரல் அனுமதித்ததை மட்டுமே அவர் செய்திருந்தார். திருத்தம் எதிர்ப்பக்கமாக இருந்திருந்தால் அந்த 900 ரூபா ஒரு வயல்காரரின் பையிலிருந்து போயிருக்கும், அதை எவரும் கண்டுபிடித்திருக்கவும் மாட்டார்கள்.

அந்தச் செய்நிரலின் ‘மூட்டை’ என்ற வகுப்பைப் பாடநூலில் மாதிரியாகப் போட்டிருக்கலாம். மொத்த நிறை, கழிவு, தேறிய நிறை, விலை எல்லாமே பிரைவேட், அதாவது வகுப்புக்கு வெளியிலிருந்து நேரே தொட முடியாதவை. ஒவ்வொன்றையும் வாசிக்க ஒரு கெட்டர், எழுத ஒரு செட்டர். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் உறைபொதியாக்கம் என்றும் தரவு மறைப்பு என்றும் சொல்லித்தருவது இந்த அமைப்பைத்தான். நம் பக்கத்து வகுப்பறைகளில் என்கப்சுலேஷன் என்று ஆங்கிலச் சொல்லிலேயே சொல்வார்கள். பரீட்சையில் முழுப் புள்ளியும் கிடைக்கக்கூடிய அந்த வகுப்புத்தான் சந்தையில் 900 ரூபாவைத் தொலைத்தது. பிழை என்னுடையதா, நான் படித்த கொள்கையினுடையதா என்பதை நேர்மையாக எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் கெட்டர், செட்டர் வழக்கம். மொத்த நிறைக்குச் செட்டர், தேறிய நிறைக்கும் செட்டர் என்று வைத்துவிட்டால் இரண்டுக்கும் இடையிலுள்ள உறவைக் காக்க எவரும் இல்லை. ‘தேறியது என்பது மொத்தத்தில் கழிவு போக மிச்சம்’ என்பதுதான் அங்கே காக்கப்பட வேண்டிய விதி. என் வகுப்பு எண்கள் நான்கையும் பெட்டிக்குள் வைத்தது. விதியைத் திரைக்குத் திரை சிதறவிட்டது. இந்தப் பழக்கம் பரவியதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1997இல் ஜாவா மொழியின் ஜேடிகே 1.1 உடன் வந்த ஜாவாபீன்ஸ், திரை வடிவமைக்கும் கருவிகள் ஒரு பொருளின் பண்புகளைத் தாமாகவே கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகக் கெட், செட் என்ற பெயர் மரபை வகுத்தது. கருவிகளின் வசதிக்கு வந்த மரபை நாம் வடிவமைப்பு ஒழுக்கமாக எடுத்துக்கொண்டோம். இப்போது எடிட்டரே ஒரு சொடுக்கில் அத்தனையையும் எழுதித் தந்துவிடுகிறது. ஒவ்வொரு அறைக்கும் கதவும் வைத்து, ஒவ்வொரு கதவிலும் திறப்பையும் தொங்கவிட்ட வீடு அது. பப்ளிக் என்று நேரே போட்டிருந்தால் குறைந்தபட்சம், இங்கே காவல் இல்லை என்பதாவது வாசிப்பவருக்குத் தெரிந்திருக்கும்.

மூலத்துக்குப் போனால் படம் வேறாக இருக்கிறது. நோர்வேயில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகோர்டும் உருவாக்கிய சிமுலா 67தான் வகுப்பையும் பொருளையும் தந்த மொழி. அது வந்தபோது மறைக்கும் வசதி இருக்கவில்லை, பிறகுதான் சேர்ந்தது. மறைப்பைப் பற்றிய கூர்மையான வாதம் வேறொரு இடத்திலிருந்து வந்தது. 1972இல் டேவிட் பார்னாஸ் எழுதிய கட்டுரை, சொல்லடைவு தயாரிக்கும் ஒரு சிறு செய்நிரலை எடுத்து இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டியது. வேலை நடக்கும் வரிசைப்படி பிரிப்பது ஒரு வழி. பின்னால் மாறக்கூடிய முடிவுகள் எவையென்று பார்த்து, முடிவுக்கு ஒரு மொடியூலாகப் பிரித்து, அந்த முடிவை அதற்குள்ளேயே வைத்திருப்பது மற்ற வழி. இரண்டாவதே மேல் என்பது அவர் கண்ட தீர்வு. அந்த வாதத்துக்கு பிரைவேட் என்ற சொல் தேவைப்படவே இல்லை.

அவருடைய அளவுகோலை என் கடையில் வைத்துப் பார்த்தேன். எது மாறும்? நிறை என்பது என்றைக்கும் ஒரு எண்தான். மாறுவது கழிவு விதி. வெங்காயத்துக்கு ஒரு கணக்கு, கோவாவுக்கு இன்னொன்று, மழைக்காலத்தில் வேறொன்று. முதலாளியும் விவசாயிகளும் பேசி முடிக்கும்போது அது திரும்பவும் மாறும். ஒரே இடத்தில் இருக்க வேண்டிய அந்த விதியைப் பல திரைகளில் எழுதிவைத்துவிட்டு, மாறாத எண்களுக்குப் பூட்டுப் போட்டிருந்தேன். ஆக, பிழையில் பெரும்பங்கு என்னுடையது. பிரைவேட் என்று எழுதியவுடன் வேலை முடிந்ததாக என்னை நம்பவைத்த பாடத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இதைவிட ஆழமான குறை ஒன்றும் இருக்கிறது. ஜாவாவின் பிரைவேட் ஒரே பூட்டினால் வாசிப்பதையும் எழுதுவதையும் சேர்த்து அடைக்கிறது. இரண்டும் ஒரே அதிகாரம் அல்ல. தராசின் எண்ணை எல்லாரும் பார்ப்பதால்தான் சந்தை நடக்கிறது. துண்டை ஒருவர் மட்டும் எழுதுவதால்தான் கணக்கு நிற்கிறது. பார்வையை மூடினால் வயல்காரருக்குச் சந்தேகம் வரும், பேனையைப் பொதுவாக்கினால் குழப்பம் வரும். பெர்ட்ரண்ட் மேயர் 1980களின் நடுவில் வடிவமைத்த ஐஃபல் மொழி இதைச் சரியாகவே கண்டிருந்தது. அதில் ஒரு பண்பை வெளியே காட்டினால் மற்றவர்கள் வாசிக்கலாம். மதிப்பை நேரே மாற்ற முடியாது, மாற்றும் வேலை அந்த வகுப்பின் செயல்களுக்கே உரியது. எந்த வகுப்புக்குக் காட்டலாம், எதற்குக் கூடாது என்று பெயர் சொல்லியும் வரையறுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘தேறியது மொத்தத்தில் கழிவு போக மிச்சம்’ போன்ற விதியை வகுப்பின் மாறாவிதியாக மொழியிலேயே எழுதிவைக்கலாம். என் மூட்டையை ஐஃபலில் எழுதி, விதிச் சோதனையையும் இயக்கிவைத்திருந்தால் அந்த 47 கிலோத் திருத்தம் விதியில் முட்டி அங்கேயே நின்றிருக்கும். பிற்பாடு சி ஷார்ப்பும் ஸ்விஃப்ட்டும் ‘வாசிக்கப் பொது, எழுதத் தனி’ என்ற பிரிப்பைத் தந்தன. மாறாவிதியை அவை அந்த அளவுக்கு வகுப்போடு பிணைக்கவில்லை. ஐஃபல் பெருவழக்கில் வராமல் போனது நம் துறையின் பெரிய இழப்புகளில் ஒன்று என்று நினைக்கிறேன்.

அப்படியானால் வாசிப்பைத் தாராளமாகத் திறந்துவிடலாமா? இங்கேதான் எதிர்வாதத்துக்கு உரிய எடையைக் கொடுக்க வேண்டும். ஒருவர் உங்கள் உள்ளமைப்பை வாசிக்கத் தொடங்கினால் அவருடைய செய்நிரல் அதன்மேல் சாய்ந்துவிடும். பிறகு நீங்கள் உள்ளே எதையும் நகர்த்த முடியாது. இதற்கு ஜாவாவைவிடத் தெளிவான சாட்சி இல்லை. அதன் உட்புறத்தில் சொந்த உபயோகத்துக்கென்று வைக்கப்பட்டிருந்த வகுப்புகளை, குறிப்பாக சன் மிஸ்க் அன்சேஃப் என்பதை, தடுக்க எவரும் இல்லாததால் புகழ்பெற்ற நூலகங்கள் பல பயன்படுத்தத் தொடங்கின. பிரைவேட் புலங்களைக்கூட ரிஃப்ளெக்ஷன் மூலம் திறந்துகொள்ளலாம் என்ற நிலைதான் அன்று. 2017இல் ஜாவா 9 மொடியூல் எல்லைகளைக் கொண்டுவந்தபோதும் பழைய நூலகங்கள் உடைந்துபோகாமலிருக்க எச்சரிக்கையோடு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 2021இல் ஜாவா 16தான் இயல்பாகவே மூடியது. அதே வருடம் ஜாவா 17 ஒட்டுமொத்தமாகத் தளர்த்தும் வழியையும் எடுத்துவிட்டது. அவ்வளவுக்குப் பிறகும் அன்சேஃபை ஒரு தனி மொடியூலில் விட்டுவைக்க வேண்டித்தான் வந்தது. தொடக்கத்தில் திறந்து கிடந்த ஒரு வாசலை மூட நான்கு வருடம் போதவில்லை.

ஆகவே வாசிப்பை மூடுவதற்கும் நியாயம் உண்டு, ஆனால் அது தூரத்தைப் பொறுத்தது. ஒரே கடைக்குள் துண்டு எழுதும் திரையும் அறிக்கை தயாரிக்கும் பகுதியும் என் கையிலேயே இருக்கின்றன. உள்ளமைப்பை மாற்றினால் இரண்டையும் ஒரே மாலையில் திருத்திவிடுவேன். நான் அறியாத யாரோ, நான் காணாத ஊரில் என் நூலகத்தைப் பாவிக்கிறார் என்றால் கதை வேறு. எல்லையை வகுப்புக்கு வகுப்பு, புலத்துக்குப் புலம் இழுப்பதைவிட, சேர்ந்து மாற்றக்கூடியவர்கள் எவ்வளவு தூரம் இருக்கிறார்களோ அந்தத் தூரத்தில் இழுப்பதே அறிவு.

பைதனின் நிலைப்பாட்டையும் இந்த இடத்தில் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். நம் உயர்தர ஐசிடி மாணவர்கள் பழகுவது அந்த மொழியைத்தான். பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போட்டால் ‘இது உள்விஷயம், தொடாதே’ என்ற வேண்டுகோள். இரண்டு போட்டால் மொழி அந்தப் பெயரை வகுப்பின் பெயரோடு சேர்த்துக் கொஞ்சம் உருமாற்றிவைக்கும். தெரிந்தவருக்கு அதுவும் தடையில்லை. நாமெல்லாம் விவரமறிந்த பெரியவர்கள், ஒருவர் சொல்லை ஒருவர் மதிப்போம் என்பது அந்தச் சமூகத்தின் நம்பிக்கை. ஒருவரையொருவர் அறிந்த சிறு குழுவுக்கு அது போதும் என்று அனுபவத்தில் சொல்வேன். குழு பெருத்து, முகம் தெரியாதவர்கள் சேர்ந்து, அவசரமும் கூடிய இடத்தில் அது தாங்காது. மறுபக்கம், பிரைவேட் என்பது திருடனைத் தடுக்கும் பாதுகாப்பு என்று எண்ணுவதும் தவறு. சி ப்ளஸ் ப்ளஸை உருவாக்கிய பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப்பே தம் மொழியின் காவல் தற்செயலான தவறுக்கு எதிரானதே தவிர வேண்டுமென்றே செய்யும் மோசடிக்கு எதிரானது அல்ல என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

தற்செயலான தவறையாவது பிரைவேட் முழுதாகத் தடுக்கிறதா? என் இரண்டாவது பிழை அதற்கு விடை சொன்னது. அன்றைக்கு வந்த மூட்டைகளின் பட்டியலை, வந்த வரிசைப்படியே, ஒரு பிரைவேட் புலத்தில் வைத்திருந்தேன். யார் முதலில் வந்தாரோ அவருக்கு முதலில் காசு என்பது கடையின் ஒழுங்கு. அறிக்கைப் பகுதி அந்தப் பட்டியலைக் கெட்டர் மூலம் வாங்கி விலைப்படி அடுக்கியது. அடுக்கப்பட்டது அதன் பிரதி அல்ல, பட்டியலேதான். நடுச்சாமத்தில் வந்து இறக்கிவிட்டுக் காத்திருந்த ஒருவர், விடிந்தபின் வந்தவர்களுக்குப் பின்னால் தள்ளப்பட்டார். செட்டர் ஒன்றுகூட இல்லை, புலம் பிரைவேட், இருந்தும் உள்ளே இருந்ததை வெளியே நின்றவர் கலைத்துவிட்டார். பூட்டியது பெயரைத்தான், பொருளைக் கெட்டரே கையில் எடுத்துக் கொடுத்துவிட்டது.

இது அறியாத ஒருவனின் தவறு மட்டும் என்று தள்ளிவிட முடியாது. அதே ஜேடிகே 1.1இல், 1997 ஏப்ரலில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு ஆய்வுக் குழு இதே வடிவத்தில் ஓர் ஓட்டையைக் கண்டது. உலாவிக்குள் ஓடும் சிறு ஜாவாச் செய்நிரலான ஆப்லெட்டில் கையொப்பமிட்டவர்கள் யார் என்று சொல்லும் செயல், பிரதி ஒன்றைத் தராமல் உள்ளே வைத்திருந்த அணியையே திருப்பிக் கொடுத்தது. ஆப்லெட் அந்த அணியில் தன் கையொப்பக்காரரின் இடத்தில் நம்பிக்கைக்குரிய இன்னொருவரை வைத்துவிட்டால், அவருடைய அதிகாரம் அத்தனையும் அதற்குக் கிடைத்துவிடும். ஜாவாவை உருவாக்கியவர்களின் கையிலேயே நேர்ந்த பிழை இது. பிரைவேட்டைக் கற்றுக்கொடுக்கும் எந்த வகுப்பிலும் முதல் நாளே சொல்லப்பட வேண்டிய கதை இதுதான் என்பேன். நான் படித்தபோது எவரும் சொல்லவில்லை.

எல்லையை எங்கே இழுப்பது, பொருளை எப்படிப் பூட்டுவது என்ற இந்த இரண்டு கேள்விகளையும் நேரே சந்தித்த ஒரு மொழி நம் நாட்டிலேயே பிறந்திருக்கிறது. சஞ்சீவ வீரவரணவும் தோழர்களும் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்திலிருந்து 2017இல் அறிமுகமான பாலரீனா அது. எக்ஸ்எம்எல் உருவாக்கத்தில் முன்னின்ற ஜேம்ஸ் கிளார்க் அதன் வடிவமைப்பில் பங்கெடுத்தவர். 2019இல் 1.0, 2022இல் ஸ்வான் லேக் பதிப்பு. அந்த மொழி தரவையும் பொருளையும் வேறு வேறாகவே பிரிக்கிறது. ரெக்கோர்ட் என்பது வெறும் தரவு. அதில் பிரைவேட் என்ற பேச்சே இல்லை. நிலையை வைத்திருந்து வேலை செய்வது பொருள். அதற்குத்தான் அணுகல் கட்டுப்பாடு. ஒன்றும் குறிப்பிடாவிட்டால் அந்த மொடியூலுக்குள் மட்டும் தெரியும். நான் மேலே சொன்ன ‘சேர்ந்து மாற்றக்கூடியவர்களின் தூரம்’ என்பதற்கு இந்த இயல்புநிலை சரியாகப் பொருந்துகிறது.

தரவைத் திறந்துவிட்டது சரியென்றே தோன்றுகிறது. மத்திய வங்கியின் நாளாந்த விலை அறிக்கையில் புறக்கோட்டை மொத்த விலைக்குப் பக்கத்தில் தம்புள்ளை விலையும் இருக்கும். வெளியிடப்பட்டுவிட்ட ஒரு விலையில் மறைக்க என்ன இருக்கிறது? அதற்கு ஒரு வகுப்பு, பிரைவேட் புலங்கள், கெட்டர்கள் என்று எழுதுவது வீண் உழைப்பு. ஆனால் மொத்த நிறை, கழிவு, தேறிய நிறை மூன்றையும் ஒரு ரெக்கோர்ட்டில் போட்டால் அவற்றின் உறவைக் காக்க மீண்டும் எவரும் இல்லை. தனித்தனிப் புலத்துக்கு எல்லை விதிக்கும் வசதி அங்கே உண்டு. புலங்களுக்கிடையிலான விதியை நாம்தான் எழுதி, நாம்தான் மறக்காமல் அழைக்க வேண்டும். ஐஃபலின் மாறாவிதி போன்ற ஒன்று பாலரீனாவின் பொருளுக்கும் இல்லை. மாறிக்கொண்டிருக்கும் ஒரு புலத்தை வாசிக்க மட்டும் திறந்துவைக்கும் வழியும் இல்லை. இவை சிறிய குறைகள் அல்ல.

அதன் பெரும் பலம் ஐசொலேட்டட் வகுப்பு. அப்படி அறிவித்தால், மாறக்கூடிய புலங்கள் கட்டாயம் பிரைவேட்டாக இருக்க வேண்டும். பூட்டுக் கட்டத்துக்குள் மட்டுமே அவற்றைத் தொடலாம். அந்தக் கட்டத்துக்குள் போவதும் அதிலிருந்து வருவதும் பிரதியாகவோ மாற்ற முடியாததாகவோ இருக்க வேண்டும். மீறினால் கம்பைலரே ஏற்காது. ஒரே விவசாயியின் முற்பணத்திலிருந்து இரண்டு திரைகள் ஒரே நொடியில் கழித்தால் என்ன ஆகும் என்ற கவலைக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. பாதி மாறிய கணக்கை ஒருவர் வாசித்துவிடக்கூடும் என்பதால் இங்கே வாசிப்பையும் மூடத்தான் வேண்டும். என் ‘பார்வை பொது’ என்ற வாதம் இந்த இடத்தில் தோற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதோடு, என் பட்டியலைக் கலைத்த அந்தக் கெட்டரையும், பிரின்ஸ்டன் குழு கண்ட அந்த அணியையும் இதே விதி வாசலிலேயே தடுத்திருக்கும். பெயரைப் பூட்டுவதோடு நிற்காமல் பொருளையே பூட்டிய வடிவம், நான் பழகியவற்றில் இது ஒன்றுதான்.

மரபுரிமம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை வகுப்புகளுக்கு மட்டும் திறக்கும் புரொட்டெக்டெட், மார்க் லிண்டன் கேட்டதன் பேரில் சி ப்ளஸ் ப்ளஸில் சேர்ந்தது. சில வருடங்களில் அவரே தம் இன்டர்வியூஸ் நூலகத்தில் புரொட்டெக்டெட் தரவுகளைத் தடைசெய்தார், பிழைகள் அங்கிருந்து முளைத்ததால். பாலரீனா அந்த வாசலையே வைக்கவில்லை. நல்ல முடிவு.

தீர்ப்பைச் சொல்கிறேன். உறைபொதியாக்கம் என்ற கருத்து தேறுகிறது, ஐயமில்லாமல். ஒரு விதியை ஒரே கையில் வைத்திருப்பது என்ற பொருளில், 1972இல் பார்னாஸ் சொன்னதிலிருந்து ஒரு சொல்லையும் குறைக்கத் தேவையில்லை. பிரைவேட், கெட்டர், செட்டர் என்று நாம் கற்பிக்கும் வடிவம் தேறவில்லை. காக்க விதியில்லாத தரவை அது பூட்டுகிறது, விதியுள்ள தரவைச் செட்டரால் திறந்துவிடுகிறது, பிரதியெடுக்காமல் வெளியே கொடுக்கப்படும் பொருளைப் பற்றி மௌனமாக இருக்கிறது. மொழிகளில், விதியை எழுதுவதற்கு ஐஃபலும் எல்லையை இடுவதற்குப் பாலரீனாவும் முன்னிற்கின்றன. இரண்டையும் ஒருசேரத் தரும் மொழி என் கைக்கு இன்னும் வரவில்லை. ஜாவாவிலேயே எழுத வேண்டியவர், செட்டரை அழித்துவிட்டு, வெளியே கொடுக்கும் பட்டியலையெல்லாம் பிரதியெடுத்துக் கொடுத்தால் பெரும்பகுதி நன்மை கிடைத்துவிடும். மொழி மாறும்வரை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கடையின் ‘மூட்டை’ வகுப்பில் இப்போது மாற்றம் செய்யும் செயல்கள் மூன்றுதான்: நிறு, விலையிடு, திருத்து. தேறிய நிறையை வைத்திருக்கும் புலமே இல்லை. கேட்கும்போதெல்லாம் கணக்கிட்டுச் சொல்கிறது. துண்டில் மொத்தம், கழிவு, தேறியது மூன்றும் வயல்காரர் பார்க்க அச்சாகின்றன. சிறுபோகத்துப் பெரிய வெங்காயம் வரத் தொடங்கியபோது முதலாளி கூப்பிட்டு, “தம்பி, இனிக் கழிவு ஒன்றரைக் கிலோ” என்றார். ஒரு வரியை மாற்றினேன். திரைகள் எதையும் திறக்கவில்லை.